கிரேவ்ஸெண்ட் ஆற்றங்கரையில் படம் எடுக்க: முதலில் ஓத அட்டவணை, பிறகு கேமரா

லண்டனிலிருந்து ஒரு நாள் பயணமாகக் கிரேவ்ஸெண்ட் போய் அந்தத் துறைமுக ஊரின் கப்பல் கால அடையாளங்களைப் படம் எடுக்க நினைக்கிறீர்கள். கையில் ஒரு சாதாரண கேமரா, 18-55 லென்ஸ், 70-300 லென்ஸ். எங்கே நிற்பது, எப்போது போவது, எதை விடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதே போதும். பல வருடங்களாக அந்தக் கரைக்குப் போய்வருகிறேன்; லென்ஸ் போதாமல் நான் தவறவிட்ட படங்கள் ஒன்றிரண்டுதான். ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்க்காமல் போய்த் தவறவிட்டவை நிறைய. அதனால் ஓதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே தேம்ஸுக்குப் பெயர்தான் ஆறு, நடப்பதெல்லாம் கடலின் கணக்கு. லண்டன் நடுவிலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் ஊர் இருக்கிறது. அந்த இடத்தில் ஆற்றின் அகலம் முக்கால் கிலோமீட்டரை நெருங்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஏறத்தாழ 6 மீட்டர். அதாவது இரண்டு மாடி உயரம், ஒரே நாளில் இரண்டு முறை. இடைப்பட்ட சிறிய ஓத நாட்களில்கூட 4 மீட்டர் இருக்கும். காலையில் நீங்கள் எடுத்த படத்தில் படிக்கட்டு வரை தண்ணீர் தளும்பும். மதியம் அதே இடத்தில் சேறும், துருப்பிடித்த சங்கிலியும், பாசி பிடித்த மரத்தூண்களும் தெரியும். இரண்டும் ஒரே ஊரின் படங்கள்தானா என்று பார்ப்பவர் கேட்பார்.

இன்னொன்று, இதைக் கவனிக்க எனக்கே சில வருடங்கள் பிடித்தன. பெரிய ஓதம் வரும் நாட்களில் உச்ச நீர் ஏறத்தாழ எப்போதும் பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்தான் வரும். தாழ்நீர் காலையிலும் மாலையிலும் ஏழு, எட்டு, ஒன்பது மணியை ஒட்டி. சிறிய ஓத நாட்களில் இது தலைகீழ்: காலையும் மாலையும் நீர் நிறைந்திருக்கும், நண்பகலில் வற்றும். அப்படியென்றால் காலை வெயிலில் சேற்றையும் பழைய தூண்களையும் எடுக்க வேண்டுமானால் பௌர்ணமி அல்லது அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்துப் போங்கள். மாலைச் சூரியனில் கரை நிரம்பிய தண்ணீர் வேண்டுமானால் ஒரு வாரம் தள்ளிப் போங்கள். சரியான நேரத்தை லண்டன் துறைமுக ஆணையம் தன் தளத்தில், எதிர்க்கரை ஊரான டில்பரியின் பெயரில் வெளியிடும் ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். கோடையில் அந்த நேரம் கிரீன்விச் நேரமா கோடைக்கால நேரமா என்பதையும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் படமே மாறிவிடும்.

அடுத்தது வெயில். கிரேவ்ஸெண்ட் தென்கரையில் இருக்கிறது, ஆற்றைப் பார்த்து நின்றால் முகம் வடக்கே. அதனால் பெரும்பாலான நேரம் சூரியன் உங்கள் முதுகுப் பக்கத்திலோ தோள் பக்கத்திலோதான் இருக்கும்; போகும் வரும் கப்பல்களின் மேல் நேர் வெளிச்சம் விழும். கப்பல் படம் எடுக்க இவ்வளவு வசதியான கரை தேம்ஸில் வேறு அதிகம் இல்லை. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே சுற்றுவதால் நாள் முழுக்க அந்தச் சாய்ந்த மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். ஜூனில் மட்டும் கதை வேறு: சூரியன் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் மறைவதால், மாலையில் மேலாற்றுப் பக்கம் கப்பல்கள் கருநிழலாகத் தெரியும். எதிர்க்கரையான டில்பரியிலிருந்து பார்த்தால் எல்லாம் மாறிவிடும். அங்கிருந்து ஊரை எடுத்தால் பகல் முழுக்க எதிர்வெயில். டில்பரியிலிருந்து ஊரின் முழுத்தோற்றம் வேண்டுமென்றால் அதிகாலை அல்லது விளக்கேற்றும் நேரம் மட்டும்தான் சரிப்படும்.

இனி எதை எடுப்பது. முதல் இடம் டவுன் பியர். 1834-இல் கட்டியது; இன்றும் நிற்கும் வார்ப்பிரும்புப் படகுத்துறைகளில் உலகிலேயே பழமையானது இதுதான். வடிவமைத்தவர் வில்லியம் டியர்னி கிளார்க். புடாபெஸ்ட்டின் சங்கிலிப் பாலத்தை வடிவமைத்த அதே பொறியாளர். லண்டனிலிருந்து நீராவிப் படகில் வந்து இறங்கிய உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட துறை இது. மேலே ஏற அனுமதி உள்ள நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. கரையிலிருந்தே எடுப்பதாகத் திட்டம் போடுங்கள். உண்மையில் மேலே இருந்தால் துறையே தெரியாது, ஆறு மட்டும்தான் தெரியும்.

தாழ்நீருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் துறையின் பக்கவாட்டில் நின்று அந்த இரும்புத் தூண்களைப் பாருங்கள். ஒவ்வொரு தூணிலும் நாலு நிறம் இருக்கும். உச்சியில் சுத்தமான வண்ணப்பூச்சு. அதற்குக் கீழே வெள்ளத்தின் விளிம்பு தொட்டுத்தொட்டு மங்கிய பட்டை. பிறகு ஈரம் சொட்டும் பச்சைப் பாசி. அடியில், நீர் இப்போதுதான் விட்டுப்போன கருஞ்சேறு. இந்த நாலு பட்டைகளும் ஒரே படத்தில் வந்தால் ஆறு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 70-300-ஐ 100 பக்கம் வைத்து, செங்குத்தாக, அபெர்ச்சர் எஃப் 8-இல் எடுங்கள். ஈர இரும்பின் பளபளப்பு கண்ணைக் கூசும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) இருந்தால் பாதி குறையும், முழுக்கக் குறைத்துவிடாதீர்கள். அந்தப் பளபளப்பு முழுதாகப் போனால் இரும்பு பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். வெயில் இல்லாத மந்தமான நாள்தான் இதற்கு நல்லது. வார்ப்பிரும்பில் ரிவெட் இருக்காது, துண்டுதுண்டாக வார்த்து போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பு விளிம்புகளைக் கிட்டத்தில் ஒன்றிரண்டு எடுத்து வையுங்கள். ஊரின் பழமை என்றால் பலர் கட்டடத்தின் முகப்பை எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கை வேலை தெரிவது இந்த மாதிரி இடங்களில்தான்.

துறைக்குப் பக்கத்திலேயே, ஆற்றுச் சுவரை ஒட்டி, செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிறிய தேவாலயக் கட்டடம். இப்போது கலை மையம். 1871-இல் மாலுமிகளுக்காகவும் கப்பலேறிப் புலம்பெயர்ந்து போகிறவர்களுக்காகவும் கட்டியது, காற்றின் வேகத்துக்கு எண் கொடுத்த பியூஃபோர்ட் அளவுகோலின் பியூஃபோர்ட் நினைவாக. கடலுக்குள் போகும் முன் கப்பல்கள் கடைசியாக நங்கூரமிட்ட இடங்களில் கிரேவ்ஸெண்டும் ஒன்று. ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் போன எத்தனையோ குடும்பங்கள் இங்கிலாந்து மண்ணைக் கடைசியாகப் பார்த்தது இந்தக் கரையில்தான். திறந்திருந்தால் உள்ளே போய் மேலே பாருங்கள்: மரக்கூரை கவிழ்த்து வைத்த படகின் உட்புறம் போலவே இருக்கும். 18-ஐ வைத்து, கேமராவை நடுவில் தரையோடு வைத்து மேல்நோக்கி எடுத்தால் படகின் விலா எலும்புகள் அப்படியே வரும்.

வெளியே வந்தால் பக்கத்துத் துறையில் சிவப்பு நிறத்தில் ஒரு கப்பல் கட்டியிருக்கும். எல்வி 21, மிதக்கும் கலங்கரை விளக்கம். 1963-இல் கட்டிய 40 மீட்டர் இரும்புக் கப்பல், இன்று கலை நிகழ்ச்சிகளுக்கான இடம். மிதக்கும் எதுவும் பராமரிப்புக்காக இழுத்துப் போகப்படலாம், ஆகவே கிளம்பும் முன் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. அந்தச் சிவப்பு அவ்வளவு அடர்த்தி. வெயிலில் எடுத்தால் கேமராவின் பொது ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் வெடித்துப்போய் கப்பலின் பக்கத்தில் ஒரு விவரமும் இருக்காது. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது சுவரை முட்டாதபடி எக்ஸ்போஷரைக் குறையுங்கள். ஜேபெக்கில் இல்லாமல் ரா (RAW) கோப்பாக எடுங்கள். கப்பலின் மேலே நின்று நீண்ட எக்ஸ்போஷர் முயற்சி செய்யாதீர்கள். டிரைபாட் அசையாது, கப்பல் அசையும்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் ராயல் டெரஸ் பியர். இது 1844-ஐச் சேர்ந்தது. 1863-இல் டென்மார்க் இளவரசி அலெக்ஸாண்ட்ரா திருமணத்துக்காக வந்து இறங்கியது இங்கே. ஆனால் நான் உங்களை அங்கே நிற்கச் சொல்வது அதற்காக இல்லை. இந்தத் துறை இன்னும் வேலை செய்கிறது. கப்பல் வழிகாட்டிகளான பைலட்டுகள் இங்கிருந்துதான் படகேறிப் போகிறார்கள். உயிர்காப்புப் படகு நிலையம் ஒன்றும் 2002-லிருந்து இங்கே இருக்கிறது. லண்டன் துறைமுக ஆணையத்தின் தலைமையகம் கரையிலேயே பக்கத்தில். துறைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, தேவையும் இல்லை. அருகிலுள்ள கரைநடையிலிருந்து எல்லாம் தெரியும்.

கடற்பகுதியைத் தெரிந்த பைலட் இறங்கி, ஆற்றைத் தெரிந்த பைலட் ஏறும் இடமாகக் கிரேவ்ஸெண்ட் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஒரு நவம்பர் காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். கொள்கலன் கப்பல் ஒன்று நிற்காமல் மெதுவாக ஆற்றில் மேல்நோக்கி வந்துகொண்டிருந்தது. துறையிலிருந்து சின்னப் படகு கிளம்பி, அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் ஓடியது. கப்பலின் சுவரில் கயிற்றேணி தொங்கியது. படகின் முன்பகுதியில் நின்றவர் கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு அலைகளை விட்டுவிட்டார். மூன்றாவதில் படகு உயர்ந்த அந்த நொடியில் ஏணியில் கால் வைத்தார், படகு உடனே விலகியது. அவ்வளவு பெரிய இரும்புச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆள், ஒரு கயிற்றேணி. இருநூறு வருடத்துக்கு முன்பும் இதே ஆற்றில் இதே வேலையை இப்படித்தான் செய்திருப்பார்கள். இதற்கு ஷட்டர் 1/1000, 300 மிமீ, தொடர் ஷாட். ஏறும் நொடியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவர் படகில் காத்திருக்கும் அந்த இரண்டு அலைகளையும் எடுங்கள், எனக்குக் கிடைத்த நல்ல படம் அதுதான்.

எந்தக் கப்பல் எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? துறைமுக ஆணையத்தின் தளத்தில் கப்பல் போக்குவரத்துப் பட்டியல் இருக்கிறது. மரைன்டிராஃபிக் போன்ற செயலிகளில் கப்பல்கள் வரைபடத்தில் நகர்வதையே பார்க்கலாம். ஆழமாக மிதக்கும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் நீர் ஏறும்போது அதோடு சேர்ந்து மேலே வரும். ஆகவே உச்ச நீருக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் கரையில் இருங்கள். கப்பல் தனியாக ஆற்றில் போகும் படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அது எந்த ஆறாகவும் இருக்கலாம். டவுன் பியரோ, சிவப்புக் கப்பலோ, துறையின் ஒரு மூலையோ முன்னால் வரும்படி உங்கள் இடத்தை முதலில் தேர்ந்துகொண்டு, கப்பல் அந்தச் சட்டத்துக்குள் வரும்வரை காத்திருங்கள். வெள்ளைப் பயணக் கப்பல் வந்தால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறையுங்கள். சாம்பல் வானத்துக்கும் சேற்றுக்கும் நடுவில் அந்த வெள்ளை எளிதில் வெளிறிவிடும். கோடை நண்பகலில் சேற்றின் மேல் கானல் ஆடும்; எதிர்க்கரையை 300-இல் எடுத்தால் கோடுகள் நெளியும், ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைப்பீர்கள். அதற்கு மாற்று இல்லை. காலையில் வாருங்கள்.

எதிர்க்கரையில் நீளமாக, நடுவில் சிறு கோபுரத்தோடு தெரியும் செங்கல் கட்டடம் டில்பரி பயணிகள் முனையம். 1930-இல் திறந்தது. கொழும்பு வழியாக ஆஸ்திரேலியா போய்வந்த ஓரியன்ட் லைன், பி அண்ட் ஓ கப்பல்களின் பயணிகள் ஏறி இறங்கிய வாசல் இது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் பெட்டியோடு இங்கிலாந்தில் முதல் அடி வைத்தது இங்கேதான். 1948 ஜூன் 21 அன்று எம்பயர் விண்ட்ரஷ் வந்து சேர்ந்ததும் இங்கேதான்; பயணிகள் மறுநாள் இறங்கினார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலோர் கரீபியத் தீவுகளிலிருந்து. நீங்கள் எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். கப்பல் கட்டியிருக்கும் நாளில் கட்டடம் முழுக்க மறைந்துவிடும், கப்பல் வராத நாளில்தான் அந்த மேடையும் கட்டடமும் தண்ணீரும் சேர்ந்து தெரியும். பிற்பகல் வெயில் செங்கல் மேல் விழும்போது தென்கரையிலிருந்து 200, 250 மிமீ வைத்து எடுங்கள். வானத்தைக் குறைத்து, முன்னால் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். அந்தக் கட்டடத்தை நோக்கி வந்தவர்கள் வாரக்கணக்கில் பார்த்தது தண்ணீரைத்தான். கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால், முனையத்தின் நடைபாலத்துக் கண்ணாடிகளில் அப்படிக் கப்பலில் வந்திறங்கிய தலைமுறையின் புகைப்படங்களையும் பயணச்சீட்டுகளையும் பதித்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

அங்கே போவது எப்படி என்பதுதான் சிக்கல். இரண்டு கரைக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாக ஓடிய படகுச் சேவை 2024 மார்ச் இறுதியில் நின்றது. மறுபடி தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டில்பரியைத் தனி நாளாக வைத்துக்கொண்டு லண்டன் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து டில்பரி டவுனுக்கு ரயிலில் போங்கள். கிரேவ்ஸெண்டுக்கு செயின்ட் பான்க்ரஸிலிருந்து அதிவேக ரயில், அரை மணிக்கும் குறைவு. டில்பரி போனால் கோட்டையைப் பார்க்காமல் வராதீர்கள். 1670-இல் தொடங்கிய கட்டுமானம், பெர்னார்ட் டி கோம் வடிவமைத்தது. ஆற்றைப் பார்த்த நீர்வாசலில் பீரங்கி, கேடயம், கொடி என்று கல்லில் செதுக்கியிருப்பார்கள், மேலே இரண்டாம் சார்லஸின் பெயர். வாசல் தெற்கே பார்ப்பதால் நடுப்பகலில் செதுக்கல் தட்டையாகிவிடும். காலை ஒன்பது பத்து மணிக்குள் வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு உளி வெட்டும் எழுந்து நிற்கும். 1886-இல் திறந்த டில்பரி கப்பல்துறைகள் இன்றும் வேலை செய்யும் துறைமுகம் என்பதால் உள்ளே அனுமதி கிடையாது. வேலியோரம் சுற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

திரும்பக் கிரேவ்ஸெண்டுக்கு வருவோம். செயின்ட் ஜார்ஜ் தேவாலய வளாகத்தில் போகஹோண்டாஸ் என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணின் சிலை இருக்கிறது. வர்ஜீனியாவுக்குத் திரும்பும் கப்பலில் ஏறிய அவர் 1617-இல் இந்த ஊரிலேயே இறந்துபோனார், வயது இருபதை ஒட்டித்தான். பழைய தேவாலயம் 1727-இல் எரிந்துபோனது, கல்லறை எங்கே என்று இன்று தெரியாது. வெண்கலச் சிலையைப் பின்னாலுள்ள கல்லறைக் கற்களோடு சேர்த்து எடுங்கள். தனியாக எடுத்தால் எந்த ஊர்ப் பூங்காவிலும் நிற்கும் சிலையாகிவிடும். விக்டோரியா காலத்து மணிக்கூண்டு, நியூ டேவர்ன் கோட்டையின் பீரங்கிகள் எல்லாம் நடந்துபோகும் வழியிலேயே வரும், பார்த்துக்கொண்டே போகலாம். எனக்கு அவற்றைவிடக் கோட்டைக்கு அப்பால் இருக்கும் கால்வாய்த் தொட்டி பிடிக்கும். 1824-இல் தேம்ஸையும் மெட்வேயையும் இணைக்க வெட்டிய கால்வாயின் வாய் அது. கால்வாயின் சுரங்கத்தில் 1840-களிலேயே ரயில் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இந்த முனையில் தொட்டியும் மதகும் மிச்சம். தாழ்நீரில் மதகுக்கு உள்ளே படகுகள் நிறைநீரில் மிதக்கும், வெளியே வெறும் சேறு. மதகுக் கதவு நடுவில் வரும்படி இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவரலாம்.

தொட்டியைத் தாண்டி ஆற்றோரமாகவே கிழக்கே நடைபாதை போகிறது. கென்ட் கரையைச் சுற்றும் சாக்ஸன் ஷோர் வே இந்த ஊரில்தான் தொடங்குகிறது. கோடையில் பழைய பாய்மரச் சரக்குப் படகுகளின் பந்தயம் நடக்கும் நாளில் போக முடிந்தால் அதற்கு ஈடில்லை. 1863-இல் தொடங்கிய பந்தயம் அது. அந்தப் பாய்களின் செம்பழுப்பு நிறம் சாயத்தால் வந்ததல்ல, மக்கிப்போகாமல் இருக்கக் காவிமண்ணையும் மீனெண்ணெயையும் குழைத்துப் பூசியதால் வந்தது.

சட்டம், பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. பொது இடத்தில் நின்று சொந்தத் தேவைக்குப் படம் எடுக்க பிரிட்டனில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளையும் கட்டடங்களையும் எடுக்கலாம். துறைமுகக் காவலர் யாராவது வந்து கேட்டால் திரையில் படங்களைக் காட்டிப் பேசினாலே போதும், எனக்கு இதுவரை ஒரு தகராறும் வந்ததில்லை. தாழ்நீரில் தெரியும் ஆற்றுப்படுகையில் எதையும் தோண்டவோ பொறுக்கவோ துறைமுக ஆணையத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். படம் எடுக்க மட்டும் என்றாலும் இறங்காதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும் சேறு முழங்கால்வரை இழுக்கும். பாசி பிடித்த படிகளில் ஷூ நிற்காது. பெரிய கப்பல் கடந்த சில நிமிடம் கழித்து, நீங்கள் மறந்திருக்கும் நேரத்தில், அதன் அலை கரைக்கு வரும். இதையெல்லாம் கரைச்சுவரிலிருந்தே எடுக்க முடியும்.

நாளைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால், ஜனவரியில் ஒரு சிறிய ஓத நாளாகப் பாருங்கள். நாலு மணிக்கே சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிடும், நீர் ஏறிக்கொண்டிருக்கும். மேற்கே ஸ்வான்ஸ்கோம்பிலும் எதிர்க்கரையிலும் ஆற்றைத் தாண்டிக் கம்பி இழுக்கும் இரண்டு மின்கோபுரங்கள், 190 மீட்டர், நாட்டிலேயே உயரமானவை, வானத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும். டில்பரியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். டிரைபாடைக் கரைச்சுவருக்குப் பக்கத்தில் கெட்டியான தரையில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்து விநாடி. வானம் முழுக்க இருட்டுவதற்கு முன் இருபது நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் இழுவைப் படகு ஏதாவது குறுக்கே போனால் ஷட்டரை மூடாதீர்கள். அதன் விளக்கு தண்ணீரின் மேல் இழுத்த கோடாகப் பதிந்துவிடும்.